துப்பாக்கி உரிமம் கேட்டு மனு எழுதும் தோட்டத்துக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொங்கு நாட்டுத் தோட்டங்காடுகளில் குடியிருக்கும் பெரியவர்களுக்கும், அவர்களுக்காகப் பேசுகிற விவசாயச் சங்கத்தாருக்கும் வணக்கமுங்க.

போன மாதம் ஊர் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் கூடிப் பேசியபோது நானும் வந்திருந்தேன். தோட்டத்து வீடுகளில் தனியாக இருக்கிறவர்களுக்குத் துப்பாக்கி உரிமம் தரச் சொல்லிக் கலெக்டரிடம் மனுக் கொடுப்பதென்று முடிவாயிற்று. கையெழுத்துத் தாள் சுற்றி வந்தது. நான் போடாமல் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தேன். "டீச்சருக்குப் பயமே இல்லீங்களாட்ட இருக்குது" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். அன்றைக்கு எனக்குப் பேச்சு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பயம் எனக்கும் இருக்கிறது. தார் ரோட்டை விட்டு இட்டேரியில் முக்கால் கிலோமீட்டர் உள்ளே வந்தால்தான் எங்கள் வீடு. சுற்றிலும் கொறங்காடும் கிளுவை வேலியும். நானும் வீட்டுக்காரரும் ஒரு நாயும். 2024 நவம்பர் கடைசியில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தாய், தகப்பன், மகன் மூன்று பேரையும் தோட்டத்து வீட்டில் கொன்று போட்ட செய்தி வந்த அன்றிலிருந்து, எங்கள் வீட்டுக்காரர் தலைமாட்டில் டார்ச் லைட்டும் கொடுவாளும் வைத்துக்கொண்டுதான் படுக்கிறார். 2025 மே தொடக்கத்தில் சிவகிரி விளக்கேத்திப் பக்கம் வயதான புருசன் பெண்டாட்டி இரண்டு பேர் அதே மாதிரி போனார்கள். பிறகு ஆட்களைப் பிடித்தார்கள். எங்களுக்குப் போன தூக்கம் திரும்பி வரவில்லை. கட்டுத்தறியில் மாடு பெருமூச்சு விட்டால்கூட எழுந்து உட்காருகிறோம். அன்றைக்குக் கையெழுத்துப் போட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் எங்களைப் போலப் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டு இருக்கிறவர்கள்தான்.

ஆனாலும் துப்பாக்கி வேண்டாம் என்கிறேன். துப்பாக்கி இருந்த வீட்டில் நான் வளர்ந்திருக்கிறேன்.

அந்தியூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் என் அப்புச்சியின், அதாவது அம்மாவின் அப்பாவுடைய தோட்டம். காட்டுப்பன்றி வெள்ளாமையை உழப்பிவிடும் என்று ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்றை உரிமத்தோடு வைத்திருந்தார். முன்கூடமான ஆசாரத்தில் கதவு நிலைக்கு மேலே இரண்டு ஆணியில் மாட்டியிருக்கும். தோட்டாவைத் தகர டப்பாவில் போட்டு, உள்ளறையில் கம்பு மூட்டைக்குப் பின்னால் தனியாக வைத்திருப்பார். கவனமான மனிதர். 1971 கோடை லீவு. எனக்கு எட்டு வயது, பெரியம்மா மகனுக்குப் பதினொன்று. பெரியவர்கள் பக்கத்து ஊர் நோம்பிக்குப் போயிருந்தார்கள். அண்ணன் முக்காலி போட்டு ஏறித் துப்பாக்கியை எடுத்தான். தோட்டா எங்கே இருக்கிறதென்று எங்கள் அத்தனை பேருக்கும் தெரியும். என்னைப் பார்த்து நீட்டி, "கையத் தூக்கு" என்றான். நான் சிரித்துக்கொண்டே தூக்கினேன். வெளியே ஆட்டுக்குட்டி கத்தியதா, என்ன சத்தமோ, தலையைத் திருப்பினேன். ரவை என் காதை ஒட்டி மண் சுவரில் இறங்கியது. மூன்று நாள் வலது காது கேட்கவில்லை. அண்ணன் அன்றைக்கு ராத்திரி முழுக்கக் கட்டுத்தறியில் ஒளிந்துகொண்டு வீட்டுக்குள்ளேயே வரவில்லை. அப்புச்சி யாரையும் திட்டவில்லை, அடிக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் துப்பாக்கியையும் டப்பாவையும் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போய்ப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வந்தார். அதற்கப்புறம் பன்றிக்குப் பரண் போட்டுத் தகரம் தட்டினோம்.

34 வருடம் அரசுப் பள்ளியில் பாடம் நடத்தியபோதெல்லாம் அந்தச் சுவர் எனக்கு மறக்கவில்லை. வெளிநாட்டில் எங்காவது பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது என்று செய்தி வந்தால், எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கு அடுத்தபடி நான் தேடுவது, துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்பதைத்தான். பெரும்பாலும் ஒரே பதில் வரும்.

2007 டிசம்பரில் குருகிராமில் எட்டாம் வகுப்புப் பையன் கூடப் படித்த பையனைப் பள்ளிக்குள்ளேயே சுட்டுக் கொன்றான். கையில் இருந்தது தகப்பனுடைய துப்பாக்கி. 2009 மார்ச்சில் ஜெர்மனியில் வின்னெண்டன் ஊரில் ஒரு பையன் 15 பேரைக் கொன்றான். அவன் தகப்பன் நிறையத் துப்பாக்கி வைத்திருந்தவர். மற்றவற்றையெல்லாம் பெட்டகத்தில் பூட்டிவிட்டு ஒன்றை மட்டும் படுக்கையறையில் வைத்திருந்தார். அந்த ஒன்று போதுமானதாக இருந்தது. 2018 மே மாதம் அமெரிக்காவில் டெக்சாஸில் சாண்டா ஃபே ஊர்ப் பள்ளியில் பத்துப் பேர். அங்கேயும் தகப்பனுடைய ஷாட்கன்னும் ரிவால்வரும். 2012 டிசம்பர் 14 அன்று சாண்டி ஹுக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் கொன்றவன், தாயின் துப்பாக்கியால் தாயை முதலில் கொன்றுவிட்டுத்தான் பள்ளிக்குப் போனான். அமெரிக்க அதிபருக்குக் காவல் நிற்கிற சீக்ரெட் சர்வீஸ் 2019ல் 41 பள்ளித் தாக்குதல்களை எடுத்து ஆராய்ந்தது. துப்பாக்கியால் நடந்தவை 25. அவற்றில் ஏறக்குறைய முக்கால் பங்கில், ஆயுதம் பையனுடைய சொந்த வீட்டிலிருந்தோ நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தோ வந்தது.

பூட்டி வைத்துக்கொள்வோம் என்பீர்கள். 2016 ஆயுத விதிகளும் அதைத்தான் கேட்கின்றன: பாதுகாப்பாக வைப்பேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், பயிற்சி எடுத்திருக்க வேண்டும். 2023 மே 3 அன்று செர்பியாவின் பெல்கிரேடில் 13 வயதுப் பையன் தன் பள்ளியில் ஒன்பது பிள்ளைகளையும் காவலாளி ஒருவரையும் கொன்றான். துப்பாக்கிகள் தகப்பனுடையவை, உரிமத்தோடு வாங்கியவை. எண் பூட்டுப் போட்ட பெட்டகத்தில் இருந்ததாக அந்நாட்டு உள்துறை அமைச்சரே சொன்னார். பையனுக்கு எண் தெரிந்திருந்தது. நம் வீட்டுப் பீரோ சாவி எங்கே இருக்கிறதென்று நம் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாதா? சாமி படத்துக்குப் பின்னால், அரிசி டப்பாவுக்கு அடியில், மெத்தைக்குக் கீழே. செல்போனின் பாஸ்வேர்டை நாம் போடுவதற்கு முன்னால் அவர்கள் போட்டுவிடுகிறார்கள். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நடு ராத்திரி திருடன் வந்தால் சட்டென்று எடுக்கத்தான் துப்பாக்கி கேட்கிறீர்கள். துப்பாக்கி பெட்டகத்தில் ஒரு பக்கம், தோட்டா இன்னொரு பக்கம் என்று முறைப்படி பூட்டி வைத்தால் எடுக்க நேரம் இருக்காது. கைக்கு எட்டும்படி வைத்தால் குழந்தையின் கைக்கும் எட்டும். என் அப்புச்சியைவிடக் கவனமானவர்கள் நம்மில் எத்தனை பேர்?

நம் பிள்ளைகள் அப்படிச் செய்யமாட்டார்கள் என்று மண்டபத்தில் ஒரு பெரியவர் சொன்னார். அவருக்காக இதைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பையனுடைய பை ஒருநாள் ஒரு பக்கம் சாய்ந்து தொங்கியது. வாங்கிப் பார்த்தால் புத்தகத்துக்கு நடுவே, பழைய துண்டில் சுற்றிய கொடுவாள். "எங்கப்பன் எளநி வெட்டறதுங்க டீச்சர்" என்றான். முந்தின நாள் கபடியில் சண்டை. சண்டையில் இன்னொரு பையன் சாதியைச் சொல்லித் திட்டியிருக்கிறான். இரண்டு பேரையும் ஸ்டாஃப் ரூமில் எதிரெதிரே உட்கார வைத்தேன். மதியம்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டு மணி அடித்தபோது கொடுவாள் கொண்டுவந்தவன்தான் முதலில் அழுதான். ராத்திரி முழுக்கத் தூங்காமல், பயத்தில் காலையில் எடுத்து வந்திருக்கிறான். அந்தப் பையன் கெட்டவன் இல்லை. அவன் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தது கொடுவாள். அதனால் பையில் கொடுவாள் வந்தது. வேறு ஒன்று மாட்டியிருந்தால் அதுதான் வந்திருக்கும், எனக்கு மதியம்வரை காத்திருக்க நேரம் கிடைத்திருக்காது.

கத்தி மட்டும் கொல்லாதா என்றால், கொல்லும். 2001ல் ஜப்பானில் ஒசாகா மாகாணப் பள்ளி ஒன்றில் கத்தியோடு புகுந்த ஒருவன் எட்டுக் குழந்தைகளைக் கொன்றான். 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒரு ஆசிரியை தன் வகுப்பறையிலேயே மாணவன் கத்திக்குப் பலியானார். அந்த வாரம் முழுக்க நாங்கள் ஆசிரியைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் இருந்தோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவனையும் தங்கையையும் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் கயிறுகளைப் பிள்ளைகள் கையில் கட்டக் கூடாது என்றுகூடச் சொல்ல வேண்டியிருந்தது. 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்புப் பையன் கூடப் படித்தவனை வகுப்பறையில் அரிவாளால் வெட்டினான். தடுக்கப் போன ஆசிரியைக்கும் வெட்டு விழுந்தது. ஆனால் பையன் பிழைத்தான், ஆசிரியையும் பிழைத்தார். அரிவாளுக்குக் குறுக்கே ஒரு பெண் போய் நிற்க முடிந்தது.

சாண்டி ஹுக் நடந்த அதே 2012 டிசம்பர் 14 அன்று, சீனாவில் ஹெனான் மாகாணத்தில் ஒரு கிராமத்துப் பள்ளி வாசலில் கத்தி வைத்திருந்த ஒருவன் 23 குழந்தைகளைக் குத்தினான். ஒருவரும் சாகவில்லை. ஒரே நாள், ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைப் பிள்ளைகள். இங்கே காயம், அங்கே சவப்பெட்டி. நான் இதற்குமேல் என்ன எழுத?

2022 மே மாதம் அமெரிக்காவில் டல்லாஸ் பக்கம் மகள் வீட்டில் இருந்தேன். 24ஆம் தேதி யூவால்டி தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளையும் இரண்டு ஆசிரியைகளையும் ஒருவன் கொன்றான். அவன் 18 வயது முடிந்த சில நாளில் கடையில் முறைப்படி வாங்கிய துப்பாக்கி அது. மறுநாள் காலை ஸ்கூல் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு தாயும் வாயைத் திறக்கவில்லை. பஸ் கதவு மூடும்வரை பிள்ளையின் சட்டைக் காலரையே சரி பண்ணிக்கொண்டு நின்றார்கள். என் பேரனுக்கு அப்போது ஆறு வயது. சாயந்திரம் என்னிடம், "அம்மிச்சி, கெட்டவங்க வந்தா நாங்க லைட்ட அணைச்சுட்டு மூலையில உட்காருவோம், தும்மல் வந்தாலும் தும்மக் கூடாது" என்று விளையாட்டுச் சொல்வது மாதிரிச் சொன்னான். பள்ளியில் அதற்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். பக்கத்து வீட்டில் இருந்த நம் பெருந்துறைப் பக்கத்துத் தம்பி அந்த வாரமே ஒரு துப்பாக்கி வாங்கினார். அவரையும் நான் குறை சொல்லவில்லை, பயம் அவருக்கும்தான். ஆனால் அந்த யூவால்டிப் பள்ளியில் 376 போலீஸ்காரர்கள் வந்து நின்றார்கள், கையில் துப்பாக்கியோடு, பயிற்சியோடு. கொலைகாரன் இருந்த வகுப்பறைக்குள் போக 77 நிமிடம் ஆயிற்று. அறுபது தாண்டிய வயதில், கண்புரை ஆபரேஷன் செய்த கண்ணோடு, தூக்கக் கலக்கத்தில் நானும் என் வீட்டுக்காரரும் என்ன செய்துவிடுவோம்? அந்த நாட்டில் நூறு பேருக்கு 120 துப்பாக்கி இருக்கிறது. 2020 முதல் அங்கே குழந்தைகளும் இளம் பிள்ளைகளும் சாவதற்கு முதல் காரணம் துப்பாக்கி. கார் விபத்தைவிட, புற்றுநோயைவிட.

இன்னொரு விஷயம், மண்டபத்தில் யாருமே பேசாதது. இருட்டில் நம் தோட்டத்துக்குள் நடக்கிறவர்கள் எல்லோரும் திருடர்கள் இல்லை. மில் ஷிப்ட் முடித்துக் குறுக்கு வழியில் வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. காணாமல் போன ஆட்டைத் தேடுகிறவர் உண்டு. காலனிப் பையன்கள் பந்தை எடுக்க வேலி தாண்டுவார்கள், இரண்டு மாங்காய் பறிப்பார்கள். 2023 ஏப்ரலில் கான்சாஸ் சிட்டியில் ஒரு 16 வயதுக் கறுப்பினப் பையன் தம்பிகளைக் கூட்டிவரப் போனவன் முகவரி மாறி வேறு வீட்டு மணியை அடித்தான். உள்ளே தனியாக இருந்த 84 வயதுப் பெரியவர் பயந்து சுட்டார், தலையில் குண்டு பாய்ந்தது. பையன் பிழைத்தது அதிசயம். உரிமம் வாங்கப் போவது காடு தோட்டம் உள்ள நாம். சுடப்படப் போவது யார் பிள்ளை என்று நமக்குத் தெரியும். நான் பாடம் சொல்லிக் கொடுத்த பிள்ளைகள் அவர்கள். அப்படி ஒரு சாவு நடந்தால் இந்தப் பக்கத்து ஊர்கள் எத்தனை தலைமுறைக்கு ஒன்றோடொன்று முகம் கொடுத்துப் பேசும்?

விவசாயி என்றால் துப்பாக்கி வேண்டியதுதானே என்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவைச் சொல்கிறேன். 1996 ஏப்ரல் 28 அன்று போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் எல்லா மாநிலங்களும் புதிய சட்டத்துக்கு ஒப்புக்கொண்டன. அரசு விலை கொடுத்து ஏறக்குறைய ஆறரை லட்சம் துப்பாக்கிகளை வாங்கி அழித்தது. கடுமையாக எதிர்த்தவர்கள் கிராமத்து விவசாயிகள். பிரதமர் ஜான் ஹோவர்ட் ஒரு கூட்டத்தில் குண்டு துளைக்காத சட்டை போட்டுக்கொண்டு பேசினார். அங்கே இன்றைக்கும் பண்ணை வேலைக்கென்று விவசாயி துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். தற்காப்புக்கு வேண்டும் என்று காரணம் எழுதினால் கிடைக்காது. நம்மைவிடப் பத்து மடங்கு தனிமையான பண்ணைகள் உள்ள நாடு அது. அதே 1996 மார்ச்சில் ஸ்காட்லாந்தில் டன்பிளேன் பள்ளியில் 16 சின்னக் குழந்தைகளும் ஆசிரியையும் செத்தார்கள். பெற்றோர் தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கினார்கள், ஏழு லட்சத்துக்கு மேல். அடுத்த வருடமே பிரிட்டனில் கைத்துப்பாக்கிகள் தடை செய்யப்பட்டன. அவர்கள் தாளைச் சுற்றுக்கு விட்டது துப்பாக்கியை வெளியே அனுப்ப. நாம் உள்ளே கொண்டுவரச் சுற்றுக்கு விடுகிறோம்.

கைக்கு எட்டும் இடத்தில் சாவை வைத்தால் என்ன ஆகும் என்று வெளிநாட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? சாணிப் பவுடர் நம் சீமையின் துக்கம். வாசல் தெளிக்க வாங்கி வைத்த அந்த விஷப் பொடி எத்தனை வீட்டில் பிள்ளைகளைக் கொண்டுபோயிற்று. என் வகுப்பில் படித்த ஒரு பெண்ணும் அப்படிப் போனாள், பரீட்சைத் தாளில் கையெழுத்து வாங்க வீட்டில் காட்டிய அன்றைக்கு. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் அவள் அம்மா சமாதானம் பண்ணிச் சோறு போட்டிருப்பாள். அதனால்தான் அதன் விற்பனையை நிறுத்தச் சொல்லி நாமே கேட்டோம். அதிகாரிகள் கடை கடையாகப் போய்ப் பறிமுதல் செய்தார்கள். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு, 1995ல் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே வந்தது. மனிதர்களின் கோபமும் துக்கமும் குறைந்துவிடவில்லை, கைக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். வெள்ளாமை பொய்த்து, கடன் ஏறி, ஆம்பளைகள் திண்ணையில் உட்கார்ந்து நிலத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற வருடங்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அந்த வருடங்களில் ஆசாரத்தில் ஒரு துப்பாக்கி இருப்பதை எந்த வீட்டுப் பெண்ணாவது விரும்புவாளா, கேட்டுப் பாருங்கள். அன்றைக்கு மண்டபத்தில் பெண்களை யாரும் கேட்கவில்லை.

அப்படியானால் நம் உயிருக்கு யார் பொறுப்பு என்று கேட்பது நியாயம். முன்பெல்லாம் தோட்டத்தில் பண்ணையத்து ஆட்கள் குடும்பத்தோடு சாளை போட்டு இருந்தார்கள், பட்டிக்குக் காவல் படுக்கிறவர் இருந்தார், கூப்பிட்ட குரலுக்கு நாலு பேர் வந்தார்கள். அவர்கள் எல்லோரும் திருப்பூருக்கும் பெருந்துறைக்கும் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள், நம் பிள்ளைகள் அதற்கும் அப்பால் போய்விட்டார்கள். அந்த வெற்றிடத்தில் நாம் இரண்டு பேர் இரண்டு பேராகக் கிடக்கிறோம். அதற்கு அரசு பதில் சொல்ல வேண்டும். இரவு ரோந்து தார் ரோட்டோடு திரும்பிப் போகாமல் தோட்டத்து வாசல்வரை வந்து, அங்கே தொங்கும் நோட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இட்டேரி பிரியும் முக்குகளில் கேமராவும் விளக்கும் வேண்டும். தனியாக இருக்கும் வயதானவர்களின் பட்டியல் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இருந்து, தினம் ஒரு போன் வர வேண்டும். பட்டனை அமுக்கினால் பக்கத்து மூன்று தோட்டத்துக்குக் கேட்கிற சைரனை மானியத்தில் தரச் சொல்ல வேண்டும். செல்போன் டவர் இல்லாத பள்ளத்துக் காடுகளுக்கு அது வர வேண்டும். திருட்டு நகையை விசாரிக்காமல் உருக்கித் தருகிறவர்களைக் கண்காணிக்க வேண்டும். நம் பங்குக்கு நகையை வங்கி லாக்கரில் போட வேண்டும்; நான் போன வாரம் போட்டுவிட்டேன், தாலிக்கொடியைத் தவிர.

இதையெல்லாம் எழுதி ஒரு மனுத் தயார் செய்திருக்கிறேன். அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு முன்னால் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அதே மண்டபத்தில் வைத்திருப்பேன். முந்தின தாளில் கையெழுத்துப் போட்டவர்களும் வாருங்கள், வீட்டுப் பெண்களையும் கூட்டி வாருங்கள். "பயமில்லீங்களாட்ட" என்று சொன்ன அண்ணன் கட்டாயம் வர வேண்டும். அவர் பேத்தியும் என்னிடம் படித்த பிள்ளைதான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
காங்கேயம் வட்டத்துத் தோட்டத்து வீடு ஒன்றிலிருந்து